எழுதியவரே கோலெடுக்க வேண்டிய ஊரில்

சேலத்தில் "வாத்தியக் குழுவுக்கு இசை எழுதுகிறேன்" என்று சொன்னால் "எந்தப் படத்துக்கு?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். படத்துக்கு இல்லை என்றால், "அப்படியானால் யார் கேட்பார்கள்?" இந்த இரண்டாவது கேள்வி நியாயமானது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்த பிறகு முதல் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. "ராஜா சார் செய்தாரே, அது மாதிரியா?" என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன். விளக்கப் போனால் பஸ் போய்விடும்.

ஆனால் அந்த லண்டன் நிகழ்ச்சியிலேயே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. எழுதியவர் இளையராஜா, மேடையில் கோலெடுத்து நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். பெரிய ஊர்களில் இவை இரண்டு பேருடைய வேலை. சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு அப்படிப் பிரித்துக்கொள்ள முடியாது. எழுதியவர் ஆட்களைச் சேர்த்து, தாள் அச்சடித்து, நாற்காலி போட்டு, எதிரே நின்று கை வீசாவிட்டால் எழுதியது பீரோவுக்குள்தான் இருக்கும். நான் நடத்துநர் ஆனது ஆசையால் அல்ல. வேறு ஆள் இல்லாததால். இப்போது யோசித்தால், எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த இரண்டாவது வேலைதான். இந்த வழியில் வர நினைக்கும் இளைஞர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இரண்டையும் ஒருவரே செய்வது புதிதில்லை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநர். பருவம் முழுக்க மற்றவர்களின் இசையை நடத்திவிட்டு, கோடை விடுமுறையில் ஏரிக்கரையில் கட்டிக்கொண்ட சின்னக் குடிலில் உட்கார்ந்து தன் சிம்பொனிகளை எழுதினார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய காபித் தோட்டத்தில் ஓர் அறை கிடைத்தது. ஒரே ஒரு திருத்தம்: மாலர் கோடையில் எழுதினார், ஏற்காட்டில் கோடையில் எழுத முடியாது. மே மாதக் கோடை விழாவின்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஏரிப் பக்கம் ஹாரன் சத்தம் ஓயாது. எழுதுவதற்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வார நாட்களே நல்லவை. மூடுபனிக்கு யாரும் வெளியே கூப்பிட மாட்டார்கள். பியானோவும் வேண்டாம். பியானோ முன்னால் உட்கார்ந்தால் கைவிரலுக்குப் பழகியதையே எழுதுகிறோம்.

எழுத உட்காரும் முன் என் நோட்டின் முதல் பக்கத்தில் இசை இருக்காது. பெயர்ப் பட்டியல் இருக்கும். யார் வருவார்கள், என்ன வாசிப்பார்கள், எந்தச் சுரத்துக்கு மேல் போனால் திணறுவார்கள். சேலத்தில் கிடைப்பவர்கள் நான்கு வகை. தேவாலயப் பாடகர் குழுவினர். கல்யாண பேண்டு வாத்தியக்காரர்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்கு வயலின், கீபோர்டு படிக்கும் பள்ளிப் பிள்ளைகள். கர்நாடக வயலின் கற்றவர்கள். இந்த நான்கு வகையினரும் நான்கு விதமாக இசையைப் படிக்கிறவர்கள் என்பதுதான் முழுச் சிக்கலும்.

பாடகர் குழுவின் பெரியவர்களுக்கு ஐந்து கோட்டுத் தாளைக் காட்டினால் முகம் சுருங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வன் இங்கிலாந்தில் பரப்பிய டானிக் சோல்ஃபா முறை, மிஷனரிகளோடு வந்து நம் தேவாலயங்களில் நிலைத்துவிட்டது. டோ, ரே, மி என்று எழுத்தில் கொடுத்தால் நான்கு குரலையும் பார்த்த மாத்திரத்தில் பாடுவார்கள். ஆகவே இரண்டு வடிவிலும் தாள் தயாரிக்கிறேன். சோம்பல் பார்த்தால் நல்ல பாஸ் குரல்கள், அதாவது ஆழமான ஆண் குரல்கள், போய்விடும்.

பேண்டு வாத்தியக்காரர்களில் மூத்தவர் ஒருவர் கிளாரினெட் வாசிப்பார். முதல் ஒத்திகையில் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள், பிடித்துக்கொள்கிறேன்."

"அண்ணா, இதில் நீங்கள் பதினெட்டு அளவு, அதாவது பதினெட்டு தாளச் சுற்று, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதை எப்படி வாசித்துக் காட்டுவது?"

"சும்மா இருக்கவா கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அது பெரிய பாடம். நீண்ட மௌனத்துக்குப் பின் நுழைபவருக்கு, அதற்கு முன் பக்கத்து வாத்தியம் வாசிக்கும் வரியைச் சின்ன எழுத்தில் அவர் தாளிலேயே காட்ட வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, அந்த வரியைக் கேட்டதும் வாத்தியத்தை எடுப்பார். அவர்களிடம் 'டி மேஜர்' என்று பேசுவதைவிட 'இரண்டு கட்டை' என்று சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள் (தாளில் உள்ளதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிப்பவை) என்பதால் அவர்களுக்கான தாளை ஒரு முழுச் சுரம் உயர்த்தி எழுதுவது நம் பொறுப்பு. மென்பொருளில் ஒரு பொத்தான்தான்.

கர்நாடக வயலின் விஷயம் வேறு. அவர்கள் தரையில் அமர்ந்து, தந்திகளைச் ச-ப-ச-ப என்று கூட்டி வாசிப்பவர்கள். நாற்காலியில் உட்கார வைத்து ஜி-டி-ஏ-இ கூட்டச் சொன்னால் அவர்களுடைய ஆண்டுக்கணக்கான சாதகத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம். நான் மேடையின் முன்பக்கம் ஒரு ஜமக்காளம் விரித்து அவர்களை அங்கே அமர்த்துகிறேன். அவர்களுக்கு ச ரி க ம எழுத்தில் தாள். சோல்ஃபாவும் சரிகமவும் உறவுக்காரர்கள்: இரண்டிலும் ஆதார சுரம் எங்கே வைத்தாலும் மற்றவை அதிலிருந்து அளக்கப்படும். தகராறு வருவது நாம் நடுவில் ஆதாரத்தை மாற்றும்போது. மேற்கத்திய இசை மாடுலேஷன் இல்லாமல் நடக்காது. கர்நாடக இசைக்காரருக்கோ சுருதி மாறினால் தரையே நகர்ந்த மாதிரி.

இதற்கு வழி கிரக பேதத்தில் இருக்கிறது. மோகனத்தின் அதே ஐந்து சுரங்களை ரிஷபத்தை ஆதாரமாக வைத்துக் கேட்டால் மத்தியமாவதி; காந்தாரத்திலிருந்து இந்தோளம்; பஞ்சமத்திலிருந்து சுத்த சாவேரி; தைவதத்திலிருந்து சுத்த தன்யாசி. ஒரு சுரம்கூட மாறவில்லை. கீழே செல்லோவும் பாஸ் குரலும் எந்தச் சுரத்தில் நிற்கின்றன என்பதை மட்டும் மாற்றினால் பாடகர் குழு புது இடத்துக்கு வந்துவிட்டதாக உணரும். வயலின்காரர் "ஓ, கிரக பேதமா" என்று சிரித்துக்கொண்டு வாசிப்பார். கால் மணி நேர நிகழ்ச்சி ஒன்று முழுவதையும் இந்த ஒரு யோசனையை வைத்தே கட்டியிருக்கிறேன்.

கலப்படக் குழுவுக்கு எழுதுவது தரக்குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1958இல் நோவாவின் பெருவெள்ளக் கதையை ஓபராவாக எழுதியபோது ஒரு சில தொழில்முறைக் கலைஞர்களைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்தார். மழைத்துளிக்குக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கோப்பைகள். எங்கள் பிள்ளைகள் எவர்சில்வர் தம்ளரைக் கட்டினார்கள். சேலத்துக் கொலுசை வைத்துக்கொண்டு கடையில் ஷேக்கர் வாங்குவானேன் என்று அதையும் சேர்த்துக்கொண்டோம். கொலுசு ஒன்றாகச் சேர்ந்து ஆடினால் மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கிறது. அதைத் துணியில் சுற்றி அடக்கத்தான் பாடுபட்டோம். புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கு இன்னொரு வழி: அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி 1964இல் எழுதிய 'இன் சி'. ஐம்பத்து மூன்று குட்டி வரிகள். எத்தனை பேர், என்ன வாத்தியம் என்ற கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய தடவை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும் பழக்கம் அதைவிட விரைவாக எதிலும் வருவதை நான் பார்த்ததில்லை.

இனி தாள் விஷயம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒத்திகை கெடுவது பெரும்பாலும் இதனால்தான். ஒரே பக்கத்தில் நிறைய அடைத்து அடித்தால் எழுத்து சிறுத்துப்போகும். ஒரு ஸ்டாண்டை இரண்டு வயலின்கள் பகிர்ந்துகொள்வதால் கண்ணுக்கும் தாளுக்கும் தூரம் அதிகம். ஐந்து கோடுகளின் மொத்த உயரம் ஏழு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏ3 தாளை நடுவில் மடித்துப் புத்தகம் போலத் தைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் வழக்கமாகப் போடும் எழுபது, எழுபத்தைந்து ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) தாளில் பின்பக்கத்து அச்சு தெரியும், காற்றில் சரியும். நூறு ஜிஎஸ்எம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அளவு எண். பக்கம் திருப்பும் இடத்தில் வாத்தியம் சும்மா இருக்க வேண்டும்; அதற்காகப் பாதிப் பக்கம் காலியாக விட்டாலும் பரவாயில்லை. பிறகு மின்விசிறி. சேலத்து மண்டபத்தில் விசிறியை நிறுத்தினால் வாசிப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஓடவிட்டால் தாள் எழுந்து போய்விடும். ஸ்டாண்டுக்கு இரண்டு துணி கிளிப். எங்கள் குழுவின் நிரந்தரச் சொத்து ஒரு பை நிறையத் துணி கிளிப்தான்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. இசைத் தாள் எழுத உதவும் மியூஸ்ஸ்கோர் இலவசம், தொடங்க அது போதும். ஃபினாலே என்ற பழைய பெரிய மென்பொருளின் வளர்ச்சியை அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. அதிலேயே வாழ்நாள் வேலையைச் சேமித்தவர்கள் கதி கலங்கினார்கள். எழுதியது எல்லாவற்றையும் பிடிஎஃப், மியூசிக்எக்ஸ்எம்எல் (மற்ற இசை மென்பொருள்களும் திறக்கும் வடிவம்) இரண்டிலும் வேறாகச் சேமியுங்கள். கணினி வாசித்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். அதில் புல்லாங்குழலின் கீழ்ச்சுரம் டிராம்போனை மீறிக் கேட்கும். மண்டபத்தில் அந்தப் பிள்ளை ஊதுவது பக்கத்து நாற்காலிக்கே கேட்காது.

ஒரே நிகழ்ச்சியைக் கீழே சேலத்திலும் மேலே ஏற்காட்டிலும் நடத்தினால் வேறொரு வேடிக்கை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; ஏப்ரல் மாதத்தில் கீழே 38 டிகிரி என்றால் மேலே 30 போல இருக்கும். காற்றில் ஒலி 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது, 35 டிகிரியில் 352. குழலின் நீளம் அப்படியே இருக்க ஒலி வேகமாக ஓடினால் சுருதி ஏறும்; கணக்குப்படி ஏறக்குறைய கால் சுரம். மூச்சின் சூடு குழலுக்குள் இருப்பதால் உண்மையில் அவ்வளவு ஏறாது, ஆனால் காதுக்குத் தெரியும். தந்தி வாத்தியமோ வெயிலில் தளர்ந்து இறங்கும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, நடுவில் கீபோர்டு மட்டும் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதியில் அசையாமல் நிற்கும். ஆகவே கிளாரினெட் நன்றாகச் சூடான பிறகு அது எங்கே நிற்கிறதோ அங்கே கீபோர்டை நகர்த்துங்கள். டியூனிங் என்று மெனுவில் இருக்கும். மூடுபனியில் வயலினின் முறுக்காணிகள் ஊதி இறுகும், சேலத்து மார்ச் வெயிலில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் கொஞ்சம் சுண்ணாம்புக்கட்டி, இறுகினால் கொஞ்சம் உலர்ந்த சோப்பு.

பாடகர் குழுவுக்குத் தமிழில் எழுதுவதில்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்: "நாடா கொன்றோ காடா கொன்றோ, அவலா கொன்றோ மிசையா கொன்றோ." ஔவையை ஆதரித்த அதியமானின் தகடூர் இன்றைய தர்மபுரி, நமக்குப் பக்கத்து ஊர். அவல் பள்ளம், மிசை மேடு. கீழ்க்குரல்கள் அவலைப் பாட, சோப்ரானோக்கள் மிசைக்கு ஏறினார்கள். சேலமும் ஏற்காடும் என்று எல்லாருக்கும் உடனே புரிந்தது. ஆனால் எழுதும்போது சிக்கல் அந்தப் படிமத்தில் இல்லை, மாத்திரையில் இருந்தது. தமிழில் குறிலை நீட்டினால் அது வேறு சொல்லாகிவிடும். படு பாடு ஆகும், விடு வீடு ஆகும். மேற்கத்தியப் பாடல் பாணியில் ஓர் அசையைப் பல சுரங்களில் இழுக்க வேண்டுமென்றால் நெடிலில்தான் இழுக்க வேண்டும். 'நாடா', 'காடா', 'கொன்றோ' இழுக்க வசதியானவை. அடுத்து வரும் 'எவ்வழி' அப்படி இல்லை. எகரம் குறில், பின்னால் வகரம் இரட்டிக்கிறது. அதை நீண்ட சுரத்தில் வைத்தால் பாடகர்கள் 'ஏவ்வழி' என்று பாடுவார்கள், யாருக்கும் ஒன்றும் புரியாது. அதற்குக் குறுகிய சுரம் கொடுத்து, 'வ்' என்ற மெய் அடுத்த சுரத்துக்குச் சற்று முன்னால் விழுமாறு ஒத்திகையில் பழக்கினேன். பாட்டு 'வாழிய நிலனே' என்று முடிவது இசை எழுதுகிறவருக்குக் கிடைத்த வரம்: கடைசி ஏகாரத்தை மூச்சுள்ளவரை பிடிக்கலாம். சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அரை மாத்திரைதான் அது, குழுவாகப் பாடும்போது எல்லாரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்.

பாட்டுக்குப் பழைய தமிழை எடுப்பதில் சட்ட வசதியும் உண்டு. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகு அறுபது ஆண்டுகள் வரை. சங்கப் புலவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாரதியார் படைப்புகளின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு 1949இல் வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது. வாழும் கவிஞர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கோலெடுத்து நிற்பது பற்றிப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. முதல் தட்டுக்கு முந்தைய தட்டுத்தான் எல்லாம்: வேகம், சத்தம், மூச்சு மூன்றையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். பாடகர்களோடு சேர்ந்து நீங்களும் மூச்சு இழுங்கள். ஒத்திகையில் நிறுத்தினால் முதலில் யார், பிறகு எந்த இடம், கடைசியில் என்ன என்று சொல்லுங்கள். "இங்கே கொஞ்சம் மென்மையாக" என்று தொடங்கினால் முப்பது பேரும் யாருக்கு, எங்கே என்று விழிப்பார்கள். பின்பகுதியை முதலில் பழக்குங்கள்; இல்லாவிட்டால் எல்லாக் குழுக்களுக்கும் முதல் பக்கம் பிரமாதமாகவும் கடைசிப் பக்கம் கடவுள் விட்ட வழியாகவும் இருக்கும். கோல் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு இசையமைப்பாளரும் நடத்துநருமான பியர் பூலேஸ் கோல் இல்லாமலேயே உலகத்தின் பெரிய குழுக்களை நடத்தினார். நான் வைத்துக்கொள்வதற்குக் காரணம், மாலையில் மண்டபத்து விளக்கு மங்கல். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று செய்தித்தாளில் வரும். அதைப் பார்க்காமல் ஒத்திகை நாள் குறிக்காதீர்கள்.

நாள் குறிப்பது தனிக் கலை. முகூர்த்த நாளில் பேண்டுக்காரர் ஒருவரும் கிடைக்க மாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லையே என்று சந்தோஷப்பட்டால், கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊர் முழுக்க அம்மன் பண்டிகை. அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மார்கழியில் பேண்டு சும்மா இருக்கும், பாடகர் குழு கிறிஸ்துமஸ் கேரலுக்குப் போய்விடும். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மிஞ்சுவது புரட்டாசி. நவராத்திரிக்கு முன்னால் உள்ள ஞாயிறுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்கு மட்டும் ஒரு மாற்று நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம். இசை எழுதி வாழ்கிறேனா என்றால் இல்லை. சொல்லிக்கொடுத்து வாழ்கிறேன், எழுதுகிறேன். ஒருமுறை உள்ளூர் நிறுவனம் ஒன்றின் விழாவுக்காக இருபது நிமிட இசை எழுதி, தாள் அடித்து, ஒத்திகையும் தொடங்கிய பிறகு, "பதிவு செய்த பாட்டே போதும் என்று முடிவு செய்துவிட்டோம்" என்று போன் வந்தது. அதிலிருந்து தொகையை நான்காகப் பிரித்து எழுத்தில் கொடுக்கிறேன்: எழுதுவதற்கு, தாளுக்கு, ஒத்திகைக்கு, நடத்துவதற்கு. முதல் இரண்டும் முன்பணம். கடிதத்தில், அவர்களுக்குக் கிடைப்பது முதல் நிகழ்ச்சி உரிமை மட்டுமே, பதிப்புரிமை என்னிடம் இருக்கும் என்று ஒரு வரி. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு இசை அனுப்பும் ஆசை எல்லாருக்கும் வரும். நுழைவுக் கட்டணம் கேட்டு, வாசிக்கப் போகும் குழு எது என்று சொல்லாத போட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் வந்து, "சென்னைக்குப் போகட்டுமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். போகச் சொல்கிறேன். அங்கே ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழு இருக்கிறது. நடத்தக் கற்பதற்கு அதைப் போன்ற குழுவின் ஆல்டோ வரிசையில் உட்கார்ந்து, எதிரே நிற்பவர் என்ன செய்தால் நமக்குப் பாட எளிதாகிறது என்று கவனிப்பதைவிட நல்ல வழி கிடையாது. சினிமா ஒலிப்பதிவில் வாசிக்கும் வயலின்காரர்கள் தாளைப் பார்த்த உடனே வாசிப்பவர்கள். காசு சேர்த்து நான்கு பேரை ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டு நம் குவார்டெட்டை வாசிக்கச் சொன்னால், தாளில் உள்ள குற்றம் குறை எல்லாம் அந்த ஒரு மணியில் வெளியே வந்துவிடும். மும்பை என்.சி.பி.ஏ. கலை மையத்தில் 2006 முதல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா இருக்கிறது. அவர்கள் பருவத்தில் ஒரு நிகழ்ச்சியையாவது நேரில் கேட்டுவிட்டு வரலாம், ரயிலேறினால் ஒரு நாள் பயணம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நாற்பது நிமிட சிம்பொனியின் கணினி ஒலியைக் கொண்டுபோக வேண்டாம். நான்கைந்து நிமிடத்தில் மூன்று இசைகள், ஒழுங்காக அச்சடித்த தாள், முதல் பக்கத்தில் வாத்தியங்களின் பட்டியலும் நேர அளவும். அவற்றில் ஒன்றாவது மனிதர்கள் வாசித்த பதிவாக இருக்கட்டும். கிளாரினெட் கொஞ்சம் ஏறியிருந்தாலும், பின்னால் மின்விசிறி கேட்டாலும் அதையே கொடுக்கச் சொல்கிறேன்.